டினோ ஸோஃப் பயிற்சியாளராகத் தோற்றவரா?

கேள்வி இதுதான்: ஆட்டக்காரராக உலகக் கோப்பை, யூரோ கோப்பை, ஆறு இத்தாலிய லீக் பட்டம் என்று வாரிக் குவித்த கோல்கீப்பர் டினோ ஸோஃப், பயிற்சியாளரான பிறகு ஏன் அந்த உயரத்தைத் தொடவில்லை? கோல்கீப்பர்களுக்குப் பயிற்சியாளர் வேலை ஒத்துவராது என்பதற்கு அவரை உதாரணமாகச் சொல்லலாமா? 2000 யூரோவில் இத்தாலியை இறுதி ஆட்டம் வரை கொண்டுபோனவர் ஏன் இரண்டே நாளில் பதவியை விட்டார்?

சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். ஸோஃப் நல்ல பயிற்சியாளர். கோப்பைக் கணக்கில் அவர் பெயருக்கு நேரே இரண்டுதான் இருக்கின்றன, அதுவும் ஒரே பருவத்தில் வந்தவை. ஆனால் அந்த இரண்டும் எப்படி வந்தன, வந்த பிறகு அவருக்கு என்ன நடந்தது, யூரோ இறுதி ஆட்டம் எந்தக் கணத்தில் கைவிட்டுப் போனது என்று பார்த்தால், தோற்றவர் என்று சொல்ல எனக்கு மனசு வராது. இனி விரிவாகச் சொல்கிறேன். ஆட்டக்காரராக அவர் என்ன செய்தார் என்பதையும் கொஞ்சம் தொட வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பயிற்சியாளர் ஸோஃப்பின் குணம் முழுக்க அங்கே உருவானதுதான்.

ஸோஃப் 1942 பிப்ரவரி 28 அன்று இத்தாலியின் வடகிழக்கு மூலையில் இருக்கும் மரியானோ தெல் ஃப்ரியூலி என்ற கிராமத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். 14 வயதில் இன்டர், ஜுவென்டஸ் இரண்டு கிளப்பிலும் தேர்வுக்குப் போனார். உயரம் போதாது என்று இரண்டு இடத்திலும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். தினமும் எட்டு முட்டை சாப்பிடு என்றார் பாட்டி அடலைடே. அடுத்த ஐந்து வருஷத்தில் பையன் 33 செ.மீ. வளர்ந்துவிட்டான் என்பது இத்தாலியில் கால்பந்து பார்க்கிற எல்லோருக்கும் தெரிந்த கதை. உடினேசே அணிக்காக 1961 செப்டம்பரில் இத்தாலியின் முதல் டிவிஷனான சீரி ஆ-வில் முதல் ஆட்டம் ஆடினார். ஃபியோரென்டினாவிடம் 5-2 தோல்வி. அங்கிருந்து மாண்டோவா, அப்புறம் நாப்போலி. சின்ன வயதில் வேண்டாம் என்று அனுப்பிய ஜுவென்டஸ் அவரை அழைத்தபோது வருஷம் 1972, அவருக்கு வயது 30.

அந்த வயதில் பலர் மூட்டை கட்டத் தொடங்குவார்கள். ஸோஃப் அங்கே 11 பருவங்கள் ஆடினார். பருவத்துக்கு 30 லீக் ஆட்டம், மொத்தம் 330. ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. காயமில்லை, காய்ச்சலில்லை, தடையில்லை. ஆறு லீக் பட்டம், இரண்டு கோப்பா இத்தாலியா (இத்தாலியின் உள்நாட்டுக் கோப்பை), 1977-ல் ஐரோப்பிய கிளப்புகளுக்கான யூஃபா கோப்பை. தேசிய அணிக்காக 1972 முதல் 1974 வரை 1,142 நிமிடங்கள் ஒரு கோல்கூட விடாமல் நின்றார். 1974 உலகக் கோப்பையில் ஹைட்டி நாட்டின் இமானுவேல் சனோன் போட்ட கோல்தான் அதை முடித்து வைத்தது. ஐரோப்பிய சாம்பியன் கோப்பை மட்டும் அவருக்குக் கிடைக்கவே இல்லை. 1973-ல் அயாக்ஸிடமும் 1983-ல் ஹாம்பர்கிடமும் இறுதி ஆட்டத்தில் தோற்றார், இரண்டும் 1-0.

ஆனால் அவரைப் புரிந்துகொள்ள இந்த எண்களைவிட 1978-க்கும் 1982-க்கும் இடைப்பட்ட நான்கு வருஷம் முக்கியம். 1978 உலகக் கோப்பையில் நெதர்லாந்தின் ஆரி ஹான் வெகு தூரத்திலிருந்து அடித்த பந்து கம்பத்தை ஒட்டி உள்ளே போனது. மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் பிரேசிலின் நெலின்யோவும் டிர்சேயுவும் தூரத்திலிருந்தே அடித்தார்கள். இத்தாலி நான்காவது. 36 வயதான ஸோஃப்தான் காரணம் என்று பத்திரிகைகள் எழுதின. தூரத்துப் பந்து கண்ணுக்குத் தெரிவதில்லை என்றுகூட எழுதினார்கள். அவர் பதில் பேசவில்லை. நான்கு வருஷம் கழித்து, 40 வயதில், கேப்டனாக ஸ்பெயினுக்குப் போனார்.

அங்கேயும் முதல் சுற்றில் மூன்று ஆட்டமும் டிரா. கேமரூனைவிட ஒரே ஒரு கோல் கூடுதலாகப் போட்டதால்தான் இத்தாலி அடுத்த சுற்றுக்குத் தப்பியது. பத்திரிகைகளின் தாக்குதல் தாங்காமல், இனி யாரும் நிருபர்களோடு பேசுவதில்லை என்று அணி முடிவெடுத்தது. அணியின் சார்பில் பேச ஒரே ஒருவரை அனுப்பினார்கள். அந்த ஒருவர் ஸோஃப்: அணியிலேயே மிகக் குறைவாகப் பேசுகிறவர். அதன் பிறகு அர்ஜென்டினா, பிரேசில், போலந்து, இறுதியில் மேற்கு ஜெர்மனி என்று வரிசையாக வென்றார்கள்.

பிரேசில் ஆட்டத்தின் கடைசி நிமிடங்களை எத்தனை முறை பார்த்தேன் என்று எனக்கே கணக்கில்லை. இத்தாலி 3-2 முன்னிலை. டிரா ஆனால் பிரேசில் அரையிறுதிக்குப் போய்விடும். இடது பக்கத்திலிருந்து வந்த பந்தை ஆஸ்கர் தலையால் கீழ்நோக்கி முட்டுகிறார். ஸோஃப் இடது பக்கம் விழுந்து பந்தைக் கோட்டின் மேலேயே அமுக்கிப் பிடிக்கிறார். தட்டிவிட்டிருந்தால் கார்னர், இல்லையென்றால் யாராவது ஓடிவந்து மீண்டும் அடித்திருப்பார்கள். பிடித்த பந்தை நகர்த்தவே இல்லை. பிரேசில்காரர்கள் கோல் என்று கையைத் தூக்குகிறார்கள். உடம்பு முழுக்க மண்ணில் கிடக்க, கை மட்டும் ஆணியடித்த மாதிரி அதே இடத்தில் நிற்கிறது. 40 வயதுக்காரரின் கை அது. பிற்பாடு இத்தாலிய அஞ்சல் துறை வெளியிட்ட உலகக் கோப்பை வெற்றித் தபால்தலைக்கு ஓவியர் ரெனாட்டோ குட்டுஸோ வரைந்ததும் கோப்பையைத் தூக்கிப் பிடித்த ஸோஃப்பின் இரண்டு கைகளைத்தான்.

சரி, இப்போது பயிற்சியாளர் விஷயத்துக்கு வருகிறேன்.

நான் எங்கள் ஊர் அணிக்குச் சில வருஷம் கீப்பராக நின்றவன். அந்த இடத்தில் நின்ற யாருக்கும் ஒன்று தெரியும்: மைதானத்தில் மற்ற பத்து பேரின் முதுகையும் பார்த்துக்கொண்டு ஆடுகிறவர் கீப்பர் ஒருவர்தான். யார் எங்கே காலியாக விட்டிருக்கிறார் என்பது அங்கிருந்து பளிச்சென்று தெரியும். ஆனால் பயிற்சி என்று வரும்போது கீப்பர் தனி. மற்றவர்கள் பந்தைச் சுற்றவிட்டுப் பழகும்போது, அவர் ஓரமாக இன்னொருவரோடு விழுந்து எழுந்துகொண்டிருப்பார். ஆட்டத்தைப் படிக்கத் தெரியும், ஆனால் நடுக்களத்துக்காரன் என்ன பழகுகிறான், எப்படிப் பழகுகிறான் என்று கூடவே இருந்து பார்த்த அனுபவம் குறைவு. கிளப்புகள் ஓய்வுபெற்ற கீப்பரைக் கீப்பர் பயிற்சியாளராகவே வைத்துக்கொள்வதற்கு இது ஒரு காரணம். ஸோஃப்புக்கும் 1983-ல் ஜுவென்டஸ் கொடுத்த முதல் வேலை அதுதான். அதிலிருந்து மேலே வந்தது ஒலிம்பிக் அணி வழியாக. 1988 சியோல் ஒலிம்பிக்குக்கு இத்தாலி தகுதி பெற்றது அவருடைய பொறுப்பில். ஆனால் அவர் சியோலுக்குப் போகவில்லை. அதற்குள் ஜுவென்டஸின் தலைமைப் பயிற்சியாளர் பதவி தேடி வந்துவிட்டது.

அன்றைய ஜுவென்டஸ் நீங்கள் நினைக்கிற ஜுவென்டஸ் இல்லை. அணியின் நட்சத்திரம் பிளாட்டினி 1987-ல் ஓய்வு பெற்றுவிட்டார். மிலானில் பயிற்சியாளர் சாக்கியின் அணி, நாப்போலியில் மாரடோனா, இன்டரில் ஜெர்மன்காரர்கள். ஜுவென்டஸிடம் இருந்தது ஸாவரோவ், ரூய் பாரோஸ், டக்கோனி, டே அகோஸ்தினி என்று உழைக்கிற ஒரு கூட்டம். முதல் பருவம் நான்காம் இடம். 1989 கோடையில் இரண்டாம் டிவிஷனில் மெஸ்ஸினாவுக்காக கோல் குவித்துக்கொண்டிருந்த சல்வத்தோரே ஸ்கிலாச்சி வந்து சேர்ந்தார்.

ஸோஃப்பின் உதவிப் பயிற்சியாளர் கயத்தானோ ஷிரேயா. இந்தப் பெயரைச் சும்மா சொல்லிவிட்டுப் போக முடியாது. ஜுவென்டஸிலும் இத்தாலியிலும் ஸோஃப்புக்கு முன்னால் நின்று ஆடிய லிபெரோ, அதாவது பின்வரிசையில் யாரையும் ஒட்டிக் காவல் காக்காமல் சுதந்திரமாக ஆடுகிற தடுப்பாட்டக்காரர் அவர். இருவரும் ஒரே அறை நண்பர்கள், இருவரும் அதிகம் பேசாதவர்கள். மாட்ரிட்டில் உலகக் கோப்பையை வென்ற இரவு, ஊரே கொண்டாடிக்கொண்டிருக்க, இவர்கள் இருவரும் அறைக்குத் திரும்பி அமைதியாக உட்கார்ந்திருந்தார்கள் என்று ஸோஃப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1989 செப்டம்பரில் யூஃபா கோப்பையின் முதல் சுற்றில் போலந்தின் குர்னிக் ஸாப்ஜே அணியோடு மோத வேண்டியிருந்தது. எதிரணியின் ஆட்டத்தைப் பார்த்துக் குறிப்பெடுக்க ஷிரேயா போலந்துக்குப் போனார். செப்டம்பர் 3 அன்று திரும்பும் வழியில் அவர் வந்த கார் லாரியோடு மோதித் தீப்பிடித்தது. பெட்ரோல் தட்டுப்பாட்டுக்காகக் காரில் எரிபொருள் கேன்கள் வைத்திருந்தார்கள். ஷிரேயாவுக்கு வயது 36.

இது நடந்து சில நாளில், எந்த ஆட்டத்துக்காக நண்பர் உளவு பார்க்கப் போனாரோ அதே ஆட்டத்துக்கு ஸோஃப் அணியைத் தயார்செய்து களத்தில் இறக்க வேண்டியிருந்தது. இறக்கினார், வென்றார். அப்புறம் பாரிஸ், கார்ல் மார்க்ஸ் ஸ்டாட், ஹாம்பர்க், கொலோன். இறுதியில் எதிரே வந்தது சொந்த நாட்டின் ஃபியோரென்டினா. டூரினில் 3-1. இரண்டாம் ஆட்டம் ஃபியோரென்டினாவின் சொந்த மண்ணில் நடக்கவில்லை. முந்தைய சுற்றில் ரசிகர்கள் செய்த கலவரத்தால் தடை விழுந்து, தெற்கே அவெல்லினோவுக்கு மாற்றினார்கள். அங்கே 0-0. 1977-ல் கீப்பராக வென்ற யூஃபா கோப்பையை 1990-ல் பயிற்சியாளராக அதே கிளப்புக்கு மறுபடி கொண்டுவந்தார். அதற்கு மூன்று வாரம் முன்பு கோப்பா இத்தாலியாவும் வந்திருந்தது. சாக்கியின் மிலானை, ஐரோப்பிய சாம்பியனாக இருந்த மிலானை, அவர்கள் மைதானமான சான் சிரோவிலேயே காலியாவின் ஒரே கோலில் வென்றார்கள்.

இரண்டு கோப்பை வென்ற அந்த வசந்தத்தில்தான் ஸோஃப்பை அனுப்பிவிடுவது என்று கிளப் முடிவெடுத்தது. நிர்வாகம் மாறியிருந்தது. சாக்கியைப் போல அழகான தாக்குதல் ஆட்டம் வேண்டும் என்று போலோன்யாவிலிருந்து லுயிஜி மைஃப்ரெதியை வரவழைத்தார்கள். ரொபெர்த்தோ பாஜ்ஜோவையும் பெரிய விலை கொடுத்து வாங்கினார்கள். அடுத்த பருவம் ஜுவென்டஸ் ஏழாம் இடம். ஐரோப்பியப் போட்டிகளுக்கே தகுதி பெறவில்லை. ஸ்கிலாச்சி அந்தக் கோடையில் உலகக் கோப்பையில் ஆறு கோல் அடித்து உலகத்துக்கே தெரிந்த முகமானார். அவரை முதல் டிவிஷனில் ஒரு பருவம் முழுக்க நம்பி ஆடவைத்தவர் ஸோஃப் என்பது பலருக்கு நினைவில்லை. "பயிற்சியாளராக ஸோஃப் தோற்றார்" என்று யார் சொன்னாலும் எனக்கு முதலில் இந்த 1990 ஞாபகம்தான் வரும்.

அடுத்தது லாசியோ, 1990 முதல். ரோம் நகரத்தில் பணம் குறைந்த பக்கத்து அணி அது அப்போது. முதல் இரண்டு பருவம் நடுவாந்தரமாகப் போனது. 1992-ல் தொழிலதிபர் செர்ஜியோ கிரான்யோட்டி கிளப்பை வாங்கிய பிறகு காசு வந்தது, ஃபார்வர்டு பெப்பே சின்யோரி வந்தார், இங்கிலாந்தின் கேஸ்காயின் வந்தார். ஸோஃப்பைப் போன்ற மௌனசாமியும் கேஸ்காயினைப் போன்ற கலாட்டாக்காரரும் ஒரே உடைமாற்றும் அறையில் இருந்ததை நினைத்தாலே வியப்பாக இருக்கும். ஆனால் ஸோஃப் அவரை அடக்கி ஒடுக்கப் பார்க்கவில்லை. 1992 நவம்பரில் அதே ஊர் ரோமா அணிக்கு எதிரான டெர்பியில் ஆட்டம் முடியும் தறுவாயில் தலையால் முட்டிச் சமன் செய்தவர் அதே கேஸ்காயின்தான். சின்யோரி 26 கோல், அடுத்த பருவம் 23 கோல் அடித்து இரண்டு முறையும் லீக்கின் முதல் கோலடிப்பாளர். லாசியோ ஐந்தாம் இடம், அதற்கடுத்து நான்காம் இடம். இன்னொன்றும் உண்டு: 1994 மார்ச்சில் இளைஞர் அணியிலிருந்து ஒரு பையனை எடுத்து முதன்முதலாகக் களத்தில் இறக்கினார். பையன் பெயர் அலெஸ்ஸாண்ட்ரோ நெஸ்டா. பின்கள ஆட்டக்காரரை எடைபோட ஒரு கீப்பரைவிடப் பொருத்தமானவர் யார்?

1994-ல் அவரை கிளப்பின் தலைவராகவே ஆக்கிவிட்டார் கிரான்யோட்டி. கோட்டு சூட்டு வேலை. 1997 ஜனவரியில் பயிற்சியாளர் ஸெமான் நீக்கப்பட்டபோது, தலைவரே இறங்கி வந்து பயிற்சியாளர் பெஞ்சில் உட்கார்ந்து அணியை நான்காம் இடத்தில் கரைசேர்த்தார். பெஞ்சுக்கு வரச் சொன்னாலும் மேலே போகச் சொன்னாலும் முகம் சுளிக்காமல் செய்கிறவர் என்று கிளப்பில் பெயர்.

1998 உலகக் கோப்பைக்குப் பிறகு இத்தாலியின் தேசிய அணி அவர் கைக்கு வந்தது. இங்கேதான் உங்கள் கேள்வியின் மையம் இருக்கிறது, அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

2000 யூரோ தொடங்குவதற்குச் சில நாள் முன்பு, நார்வேயோடு நடந்த நட்பு ஆட்டத்தில் புஃபோனின் கை முறிந்தது. முதல் கீப்பர் இல்லை. இரண்டாமவர் பிரான்செஸ்கோ டோல்டோ. வேறு பயிற்சியாளர் என்றால் பதறியிருப்பார். ஸோஃப்புக்கு இந்த வேலையின் உள்ளும் புறமும் தெரியும். 1968 யூரோவில் அவரே ஏப்ரலில் அறிமுகமாகி ஜூனில் கோப்பையோடு நின்றவர். 1970 உலகக் கோப்பையில் பெஞ்சில் உட்கார்ந்து முதல் கீப்பர் ஆல்பெர்தோஸி ஆடுவதைப் பார்த்தவர். இரண்டாம் கீப்பரின் மனசு எப்படி இருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

துருக்கி, பெல்ஜியம், ஸ்வீடன் மூன்று பேரையும் வென்று, காலிறுதியில் ருமேனியாவையும் 2-0 என வென்றார்கள். அரையிறுதி ஆம்ஸ்டர்டாமில், போட்டியை நடத்துகிற நெதர்லாந்தோடு, ஆரஞ்சு நிறத்தில் நிரம்பிய மைதானத்தில். 34-வது நிமிடம் ஸாம்ப்ரோட்டாவுக்குச் சிவப்பு அட்டை. கொஞ்ச நேரத்தில் நெதர்லாந்துக்கு பெனால்டி. ஃபிராங்க் டி போயர் அடிக்க, டோல்டோ தடுத்தார். இரண்டாம் பாதியில் மறுபடி பெனால்டி. கிளைவர்ட் அடித்தது கம்பத்தில் பட்டது. பத்துப் பேரோடு கூடுதல் நேரமும் சேர்த்துக் கிட்டத்தட்ட ஒன்றரை மணி நேரம் இத்தாலி தாக்குப்பிடித்தது. கன்னவாரோ, நெஸ்டா, யூலியானோ, மால்தினி நால்வரும் அன்று நின்ற மாதிரி ஒரு பின்வரிசை நின்று நான் பார்த்ததில்லை. முடிவு 0-0.

அப்புறம் பெனால்டி ஷூட் அவுட். இத்தாலிக்கு அந்தச் சொல்லே கெட்ட சகுனம். 1980, 1990, 1994, 1998 என்று பெரிய போட்டிகளில் ஆடிய நான்கு ஷூட் அவுட்டிலும் தோல்வி. முதலாவதான 1980-ல், செக்கோஸ்லோவாக்கியாவோடு மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் 9-8 என்று தோற்றபோது, கோல் கம்பங்களுக்கு நடுவே நின்றவர் ஸோஃப்பேதான். 20 வருஷம் கழித்து பெஞ்சிலிருந்து பார்க்கிறார். டோல்டோ டி போயரை மறுபடி தடுக்கிறார். ஸ்டாம் பந்தை மேலே பறக்கவிடுகிறார். தோட்டி நிதானமாக வந்து கரண்டியால் அள்ளுவதுபோல் பந்தை மெல்லத் தூக்கிவிட, வான் டெர் சார் ஒரு பக்கம் விழ, பந்து நடுவில் போய் இறங்குகிறது. கடைசியில் போஸ்வெல்ட் அடித்ததையும் டோல்டோ பிடிக்க, 3-1. பெரிய போட்டியில் இத்தாலி ஜெயித்த முதல் ஷூட் அவுட் அது. ஒரே நாளில் மூன்று பெனால்டிகளைத் தடுத்தவர் போட்டிக்கு முன்பு இரண்டாம் கீப்பர்.

ஜூலை 2, ராட்டர்டாம், எதிரே உலக சாம்பியன் பிரான்ஸ். நமக்கு நள்ளிரவு நேரம். ஸோஃப் தற்காப்பு வாதி, பயந்து ஆடினார் என்பது பரவலான குற்றச்சாட்டு. அன்றைய மாற்றங்களைப் பாருங்கள். 0-0 என்று இருக்கும்போது, 53-வது நிமிடம், நடுக்களத்து ஃபியோரேயை எடுத்துவிட்டு டெல் பியரோவை இறக்கினார். தாக்குதலுக்கு ஆள் கூட்டுகிற மாற்றம் அது. இரண்டு நிமிடத்தில் கோல்: தோட்டி குதிகாலால் தட்டிவிட, பெஸ்ஸோட்டோ உள்ளே அனுப்ப, டெல்வெக்கியோ முடித்தார். அதன் பிறகு டெல் பியரோவுக்கு இரண்டு அருமையான வாய்ப்புகள், இரண்டும் வீண். ஒன்று உள்ளே போயிருந்தாலும் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. 86-வது நிமிடம் டெல்வெக்கியோவை எடுத்தபோதும் அவர் இறக்கியது இன்னொரு ஃபார்வர்டான மொன்டெல்லாவை, தடுப்பாட்டக்காரரை அல்ல.

கூடுதல் நிமிடங்களும் முடியப்போகின்றன. இத்தாலியின் பெஞ்சில் எல்லோரும் எழுந்து கைகோத்து நிற்கிறார்கள். பிரான்ஸ் கீப்பர் பார்த்தேஸ் தன் பகுதியிலிருந்து பந்தை ஓங்கி உதைக்கிறார். ட்ரெஸகே தலையில் பட்டு, கன்னவாரோ தலையிலும் உரசி, வில்டோர் காலில் விழுகிறது. அவர் அடித்தது டோல்டோவின் கையைத் தொட்டுக்கொண்டே உள்ளே போனது. 94-வது நிமிடம். கூடுதல் நேரத்தில் 103-வது நிமிடம் பிரெஸ் இடது பக்கம் புகுந்து அனுப்பியதை ட்ரெஸகே மேல்வலைக்கு அடித்தார். கூடுதல் நேரத்தில் முதல் கோல் போட்டவர் வென்றார் என்ற தங்க கோல் விதி அப்போது இருந்தது, ஆட்டம் அங்கேயே முடிந்தது. வில்டோர், ட்ரெஸகே, பிரெஸ் மூவருமே பிரான்ஸ் பயிற்சியாளர் லெமேர் மாற்று ஆட்டக்காரர்களாக இறக்கியவர்கள். அந்தப் பெருமையை லெமேருக்குக் கொடுத்தே ஆக வேண்டும்.

மறுநாள் சில்வியோ பெர்லுஸ்கோனி பேசினார். மிலான் கிளப்பின் உரிமையாளர், முன்னாள் பிரதமர், அப்போது எதிர்க்கட்சித் தலைவர். ஜெயித்திருக்க வேண்டிய ஆட்டம், பிரான்ஸின் நட்சத்திரம் ஜிடானைக் காவல் இல்லாமல் அப்படித் தனியாக விட்டது தகாத செயல், கற்றுக்குட்டிகூட அதைக் கவனித்திருப்பான் என்ற பாணியில் ஸோஃப்பைத் தாக்கினார். ஜூலை 4 அன்று ஸோஃப் நிருபர்களை அழைத்துப் பதவி விலகினார். பெர்லுஸ்கோனியிடமிருந்து கண்ணியம் பற்றிப் பாடம் கேட்கத் தேவையில்லை, ஒரு மனிதனின் உழைப்புக்கு மரியாதை இல்லாத இடத்தில் இருக்க மாட்டேன் என்பதுதான் அவர் சொன்னதன் சாரம்.

அந்த விமர்சனம் ஆட்டத்தின் கணக்கிலும் சரியில்லை. பிரான்ஸின் இரண்டு கோலையும் திரும்பப் பாருங்கள். முதலாவது கீப்பர் உதைத்த நீளப் பந்து. இரண்டாவது பிரெஸ் பக்கவாட்டில் பறித்துக்கொண்டு ஓடியது. இரண்டிலும் ஜிடான் இல்லை. அப்புறம், ஒருவர் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு காவல் காப்பது என்றால் என்ன என்று ஸோஃப்புக்குத் தெரியாதா? 1982-ல் இத்தாலியின் தடுப்பாட்டக்காரர் ஜென்டீலே மாரடோனாவின் சட்டையையும் பிரேசிலின் ஸீக்கோவின் சட்டையையும் பிடித்து நின்றதைப் பின்னாலிருந்து பார்த்த கண் அவருடையது. அதை வேண்டாம் என்று விட்டது யோசித்து எடுத்த முடிவு. 90 நிமிடமும் அது பலித்தது.

விலகியது சரியா? என் நண்பர்கள் சிலர் அவசரப்பட்டார் என்பார்கள். 2002 உலகக் கோப்பைக்கு அந்த அணியை அவரே கொண்டுபோயிருக்கலாம், கொரியாவிடம் தோற்று வெளியேறியிருக்காது என்பது அவர்கள் கட்சி. இருக்கலாம். அவருக்குப் பின் வந்த டிராப்பட்டோனி 2002-லும் 2004-லும் யூரோ 2000 அளவுக்குக்கூடப் போக முடியவில்லை என்பது உண்மை. ஆனால் 1978-ல் எழுதியதற்கெல்லாம் பதில் பேசாமல் நான்கு வருஷம் காத்திருந்த மனிதர் இந்த முறை ஏன் காக்கவில்லை என்று யோசித்துப் பாருங்கள். அன்று சொன்னது அவர் ஆட்டத்தைப் பற்றி. அதற்குப் பதில் சொல்ல மைதானம் இருந்தது. இந்த முறை சொன்னது அவருடைய தகுதியைப் பற்றி, அதுவும் நாட்டின் மிகப் பெரிய டிவி நிறுவனங்களைக் கையில் வைத்திருந்தவர் சொன்னது. அவர் செய்தது சரி என்றுதான் நான் அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். அந்த வருஷத்தின் சிறந்த பயிற்சியாளராக வேர்ல்ட் சாக்கர் பத்திரிகை தேர்ந்தெடுத்தது அவரைத்தான்.

பிற்பாடு நடந்ததைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். 2001 ஜனவரியில் லாசியோ பயிற்சியாளர் எரிக்ஸன் இங்கிலாந்து அணிக்குப் போனதும் லாசியோ மறுபடி அவரைத்தான் கூப்பிட்டது. மூன்றாம் இடம். அடுத்த பருவத் தொடக்கம் சறுக்க, செப்டம்பரிலேயே நீக்கிவிட்டார்கள். பின் 2005 ஜனவரியில் ஃபியோரென்டினா. கீழ் டிவிஷனுக்கு விழும் நிலையில் இருந்த அணி, அந்தப் பருவத்தில் அவர் மூன்றாவது பயிற்சியாளர். வயது 63 ஆகப்போகிறது. கடைசி நாளில் பிரெஷாவை 3-0 என வென்றாக வேண்டிய ஆட்டத்தை வென்றார்கள். 42 புள்ளியில் ஃபியோரென்டினா, பார்மா, போலோன்யா மூன்றும் சமம். மூவரும் தங்களுக்குள் ஆடிய கணக்கைப் பார்த்து ஃபியோரென்டினா தப்பியது, மற்ற இரண்டும் பிளே ஆஃப் ஆட வேண்டியிருந்தது. தன் முதல் சீரி ஆ ஆட்டத்தில் தனக்கு எதிராக ஐந்து கோல் போட்ட அணியைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டு அவர் போனார். அதற்குப் பிறகு எந்த அணிக்கும் பயிற்சியாளராகப் போகவில்லை.

கோல்கீப்பர்களுக்கு ஒத்துவராது என்ற பகுதிக்கு இரண்டு வரி. பெல்ஜியத்தின் ரேமோன் கோய்தால்ஸ் கீப்பராக இருந்தவர். அவர் மார்செய் அணிக்கு 1993-ல் சாம்பியன்ஸ் லீக் வென்று கொடுத்தார். மிஷெல் ப்ரூதோம் பெல்ஜியத்தில் ஸ்டாண்டர்ட் லியேஜ், கிளப் புரூகே இரண்டு அணிகளையும் சாம்பியனாக்கினார். யூலென் லொபெதெகி 2020-ல் செவியாவோடு யூரோப்பா லீக் வென்றார். நூனோ எஸ்பிரிட்டோ சான்டோ வுல்வ்ஸ் அணியை இரண்டாம் டிவிஷனிலிருந்து தூக்கி ஐரோப்பியப் போட்டி வரை கொண்டுபோனார். எண்ணிக்கை குறைவு, உண்மைதான். வாய்ப்புக் கிடைப்பதே குறைவு என்பதும் உண்மை.

ஸோஃப் எப்படிப்பட்ட பயிற்சியாளர் என்று ஒரே ஒரு ஆட்டத்தில் பார்க்க வேண்டுமென்றால், இறுதி ஆட்டத்தை விட்டுவிட்டு ஆம்ஸ்டர்டாம் அரையிறுதியை முழுசாகப் பாருங்கள். 34-வது நிமிடத்துக்குப் பிறகு பந்தைப் பார்க்காதீர்கள். பந்து எந்தப் பக்கம் போனாலும் இத்தாலியின் பின்வரிசை எப்படி ஒருவரை ஒருவர் விடாமல் சேர்ந்தே நகர்கிறது என்று மட்டும் பாருங்கள்.